கபிலரும் அடைக்கலம் தந்த கோவலூரும்

திருக்கோவலூர் வழியே செல்லும் தென்பெண்ணையாற்றில் ஒரு பாறை தனித்து நிற்கின்றது. அதன் உச்சியில் சிறியதொரு கோயில் உண்டு. மழைக்காலத்தில் வெள்ளம் அதைச் சூழ்ந்து ஓடும். கோடையில் மணற்பரப்பின் நடுவே அது குன்றுபோல் தோன்றும். ஊரார் அதனைக் கபிலர் குன்று என்று வழங்குகின்றனர். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டபோது, திருக்கோவலூரும் அதனுள் அடங்கிற்று. மேற்கே கல்வராயன் மலை, வடகிழக்கே பெண்ணைக் கரை என விரியும் இந்நிலம், சங்க காலத்தில் மலையமான் மரபினர் ஆண்ட மலாடு என்னும் நாட்டோடு தொடர்புடையது.

கபிலரைப் பற்றிப் பேசுவோர் அவர்தம் குறிஞ்சிப் பாடல்களின் நயத்தைப் பேசுவர். பாரியோடு அவர் கொண்ட நட்பைப் பேசுவர். இம்மலரில் நாம் அவருடைய வாழ்வின் இறுதிப் பகுதியை எண்ணிப் பார்க்க விழைகின்றோம். போரினால் வீடும் நாடும் இழந்த இருவரை அழைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று கதவு தட்டி, முடிவில் ஒரு சிற்றூரில் அவர்களை நிலைபெறச் செய்த சான்றோர் அவர். ஏதிலியராய் வந்தோரை ஓர் ஊர் எவ்வாறு தன்னவராக்கிக் கொள்கின்றது என்னும் வினாவிற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விடைகளுள் ஒன்று அவர் வாழ்வில் உள்ளது.

புலவர் பெருமான்

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் கபிலர். மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூர் அவர் பிறந்த ஊர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தாம் அந்தணர் என்பதை அவரே தம் பாடல்களில் குறிப்பிட்டுள்ளார். சங்கப் புலவர்களுள் மிகுதியான பாடல்களைப் பாடியவர் அவரே. இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அவர் பெயரால் நமக்குக் கிடைத்துள்ளன. ஐங்குறுநூற்றில் குறிஞ்சிக்குரிய நூறு பாடல்களும், கலித்தொகையில் குறிஞ்சிக்கலியும், பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்தும், பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டும் அவருடையவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு ஆகிய தொகைகளிலும் அவர் குரல் ஒலிக்கின்றது.

குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளையுடையது. 99 வகைப் பூக்களை அடுக்கிக் கூறும் பகுதியால் புகழ்பெற்றது. அந்நூல் எழுந்த காரணத்தை நாம் சிறிதே நின்று நோக்க வேண்டும். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவிக்கும் பொருட்டுக் கபிலர் அதனைப் பாடினார் என்று பழைய குறிப்புக் கூறுகின்றது. மொழியும் மரபும் வேறாகிய ஒருவருக்குத் தம் மண்ணின் வாழ்வை எடுத்துக்காட்டி, உள்ளே வருமாறு அழைத்தவர் அவர். புதியவரை அயலார் என்று ஒதுக்காத அந்த உள்ளம் பிற்காலத்தில் வேறொரு வகையில் சோதிக்கப்பட்டது.

உடன்வாழ்ந்த புலவர்களும் அடுத்து வந்த புலவர்களும் கபிலரை மனமாரப் போற்றினர். மாறோக்கத்து நப்பசலையார், நக்கீரர், பொருந்தில் இளங்கீரனார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் தம் பாடல்களில் அவரை நினைவு கூர்ந்துள்ளனர். அறிவில் மாசில்லாதவர், பொய் கூறாதவர் என்பதே அவர்கள் தந்த சான்று. புலவரைப் புலவர் இவ்வளவு போற்றுவது எக்காலத்தும் அரிது.

பறம்பின் வீழ்ச்சி

பறம்பு மலையையும் அதனைச் சூழ்ந்த முந்நூறு ஊர்களையும் ஆண்டவன் வேள் பாரி. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அப்பறம்பு என்பது அறிஞர் பலரின் கருத்து. பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்றவன் அவன் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவனுக்குக் கபிலர் புலவராக மட்டும் இருக்கவில்லை. உயிர்த்தோழராகவும் உற்றுழி உதவும் அறிவுரையாளராகவும் விளங்கினார்.

பாரியின் புகழைப் பொறாத மூவேந்தரும் ஒன்றுகூடிப் பறம்பை முற்றுகையிட்டனர். முற்றுகை நீண்டது. அந்நாளில் கபிலர் வேந்தர்களை நோக்கிக் கூறியவை புறநானூற்றில் உள்ளன. முந்நூறு ஊர்களையும் இரவலர் முன்னரே பெற்றுவிட்டனர் என்றும், எஞ்சியிருப்பவை பாரியும் தாமும் குன்றுமே என்றும், படையோடு வந்து அதனைப் பெற இயலாது, பாடியும் ஆடியும் வந்தால் பெறலாம் என்றும் அவர் எள்ளலோடு உரைத்தார். எனினும் முடிவில் பாரி மாண்டான்; பறம்பும் பகைவர் கைப்பட்டது.

பாரிக்கு மகளிர் இருவர் இருந்தனர். அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால வழக்கில் தோன்றியவை. சங்கப் பாடல்கள் அவர்களைப் பாரி மகளிர் என்றே சுட்டுகின்றன. புறநானூற்றின் 112-ஆம் பாடல் அவர்கள் பாடியது. ஒரு முழுநிலவுக்கும் அடுத்த முழுநிலவுக்கும் இடையில் தந்தையையும் குன்றையும் இழந்த துயரை ஐந்தே அடிகளில் அவர்கள் கூறிவிட்டனர். நாடிழந்தோர் உலகெங்கும் பாடிய பாடல்கள் பலவாயினும், அவற்றுள் இதனினும் சுருங்கியதும் ஆழமானதும் காண்பது அரிது.

அடைக்கலம் தேடி வந்தோரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவர்களை வாயற்றவராகவே எண்ணிவிடுகின்றோம். அவர்கள் பசித்தவர், அழுபவர், கைந்நீட்டுபவர் என்னும் அளவிலேயே நம் எண்ணம் நின்றுவிடுகின்றது. பாரி மகளிர் புலமை வாய்ந்தவர்கள். ஊரை இழந்தபோது அவர்கள் அறிவை இழக்கவில்லை. இதனைக் கபிலர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு அவர்களைப் பற்றி அவர் பேசும் ஒவ்வோர் இடத்திலும் உள்ள மதிப்பே சான்று.

வழிநடைத் துயர்

தோழன் இறந்தவுடன் தாமும் இறந்துபட வேண்டும் என்பதே கபிலரின் விருப்பம். உயிர்த்தோழர் உடன் உயிர்விடுதல் அக்காலத்தில் போற்றப்பட்ட செயல். ஆயினும் பாரி அதற்கு உடன்படவில்லை என்பதும், இருந்து செய்ய வேண்டிய கடனைச் செய்க என்று கபிலரை நிறுத்தினான் என்பதும் கபிலர் இறுதியாகப் பாடிய பாடலால் விளங்குகின்றன. அக்கடன் அம்மகளிரைக் காத்தலே. ஆகவே, இறக்க விரும்பிய ஒருவர் பிறர் பொருட்டு வாழ வேண்டியவரானார். அவர் வாழ்வின் பெருமையும் துன்பமும் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன.

பறம்பை விட்டு நீங்கும்போது அவர் பலமுறை திரும்பி நோக்கினார். விருந்தும் விழவுமாய் விளங்கிய மலையிடம் கண்ணீரோடு விடைபெற்றார். அரைநிலா வடிவில் கரைகட்டிய சிறுகுளம் காப்பாரின்றி உடைந்துபோகும் என்று வருந்தினார். ஊரை விட்டுப் போகும் எவருக்கும் கண்முன் நிற்பவை அரண்மனையும் கோட்டையும் அல்ல. குளமும் வயலும் முற்றமுமே என்பதை இப்பாடல்கள் நமக்கு உணர்த்துகின்றன.

அவர்கள் வழியில் தங்கியிருந்த வீட்டின் காட்சி ஒன்று புறநானூற்றின் 116-ஆம் பாடலில் உள்ளது. சுரையும் பீர்க்கும் படர்ந்து, புல் முளைத்துக் கிடந்த சிறிய குடில் அது. அதன் அருகில் இருந்த குப்பைமேட்டின்மீது ஏறி நின்று, அவ்வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை அம்மகளிர் எண்ணிக்கொண்டிருந்தனர். முன்பு தந்தையின் உயர்ந்த மலைமீது நின்று, போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். எண்ணும் பழக்கம் மாறவில்லை. நிற்கும் இடமும் எண்ணப்படும் பொருளும் மாறிவிட்டன. புலம்பெயர்ந்த இளையோர் பொழுதைக் கழிக்கும் நிலையை இதனினும் உள்ளம் உருகக் காட்டுதல் இயலாது. நாட்களை எண்ணிக்கொண்டு, சாலையில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டு, தமக்கென ஒரு வேலையும் உறவும் இல்லாது காத்திருக்கும் நிலை அது. முகாம் வாழ்வை அறிந்த எவரும் அக்காட்சியை உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

மூடிய கதவுகள்

பாரி மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் முதலில் விச்சிக்கோனிடம் சென்றார்; பின்னர் இருங்கோவேளிடம் சென்றார். இவர்களிடம் அவர் பேசிய முறையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இரங்குக என்று அவர் இறைஞ்சவில்லை. இவர்கள் யார் என்று கேட்பாயாயின் கூறுவேன் என்று தொடங்கி, இரவலர்க்கு ஊர்களை வழங்கிய பாரியின் மகளிர் இவர்கள் என்று அறிமுகம் செய்கின்றார். இவர்தம் தந்தையின் தோழன் யான், ஆதலின் இவர்கள் என் மக்கள் என்கின்றார். நான் தருகின்றேன், நீ கொள்க என்கின்றார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அடைக்கலம் வேண்டுவோரை அவர்தம் இழப்பைக் கொண்டு அவர் அறிமுகம் செய்யவில்லை. அவர்கள் எக்குடியினர், எத்தகையோர் என்பதைக் கொண்டு அறிமுகம் செய்தார். தாமே பிணையாக நின்றார். புதியவர் ஓர் ஊருக்குள் வரும்போது அவரை நம்பலாமா என்று ஊர் ஐயுறுவது இயல்பு. அந்த ஐயத்தைத் தம் நற்பெயரை ஈடாக வைத்துத் தீர்த்து வைப்போர் ஒருவர் வேண்டும். கபிலர் செய்தது அதுவே.

எனினும் அக்கதவுகள் திறக்கவில்லை. மூவேந்தரின் பகையைத் தேடிக்கொள்ள எவர் துணிவர்? இருங்கோவேள் மறுத்தபோது கபிலர் சினந்தார். அரையம் என்னும் வளமான பேரூர் பாழ்பட்டதை அவனுக்கு நினைவூட்டினார். அவனுடைய முன்னோருள் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்ததன் பயனே அவ்வழிவு என்று எடுத்துரைத்தார். பின்னர், தாம் கூறிய புல்லிய சொற்களைப் பொறுத்தருள்க என்று எள்ளலோடு கூறி, அவன் வேல் வெல்க என்று வாழ்த்தி அவ்விடம் விட்டு அகன்றார்.

சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடமும் கபிலர் சென்றார். பாரி இறந்தான் என்பதற்காக இரந்து வரவில்லை என்று அவனிடம் அவர் கூறியது பதிற்றுப்பத்தில் பதிவாகியுள்ளது. அவர் பாடிய பத்துப் பாடல்களுக்கு நூறாயிரம் காணம் பொன்னும், நன்றா என்னும் குன்றின்மீது நின்று கண்ட நாடும் பரிசிலாகக் கிடைத்தன என்று பதிகம் கூறுகின்றது. பொன்னுக்கும் புகழுக்கும் அவருக்குக் குறைவில்லை. ஆயினும் பாரி மகளிருக்கு வேண்டியது பொன் அன்று; இவர்கள் எங்களவர் என்று கூறும் ஓர் ஊரே. அதனைப் பொன்கொண்டு வாங்க இயலாது.

மலையமான் நாடு

முடிவில் கபிலர் வடக்கு நோக்கிப் பெண்ணைக் கரைக்கு வந்தார். பிரான்மலையிலிருந்து திருக்கோவலூர் 200 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. அவ்வளவு தொலைவு கடந்து இவ்வூரை அவர் ஏன் நாடினார்?

மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் நன்கு அறிந்திருந்தார். புறநானூற்றின் 121 முதல் 124 வரையுள்ள நான்கு பாடல்கள் அவனைப் பற்றி அவர் பாடியவை. கள்ளுண்டு களித்த நேரத்தில் தேர் வழங்குதல் எவர்க்கும் எளிது, காரியோ தெளிந்த அறிவோடு வழங்குபவன் என்று போற்றியவர் அவர். தீய நிமித்தத்தில் புறப்பட்டுச் சென்றாரும் அவனிடமிருந்து வெறுங்கையோடு திரும்பார் என்றும் கூறினார். அதே வேளையில், வருவோர் அனைவரையும் ஒரே தன்மையராக நோக்காதே, ஒவ்வொருவர் தகுதியையும் அறிந்து நோக்கு என்று அவனுக்கு அறிவுறுத்தவும் அவர் தயங்கவில்லை. கொடுப்பது எளிது, கொள்வோரை அறிவதே அரிது என்னும் அவ்வுரை, அடைக்கலம் தரும் எல்லார்க்கும் பொருந்தும்.

அடைக்கலம் தருதல் இந்நாட்டு மரபாகவும் இருந்தது. போரில் தோற்ற சோழன் ஒருவன் மலையமானின் முள்ளூர் மலையில் வந்து தங்கியதையும், மலையமான் அவனைக் காத்து மீண்டும் அரசில் அமர்த்தியதையும் மாறோக்கத்து நப்பசலையார் புறநானூற்றின் 174-ஆம் பாடலில் பாடியுள்ளார். மலைநாடு மறைந்து வாழ இடம் தந்தது; மலைநாட்டார் மனம் துணை தந்தது.

ஆனால், அடைக்கலம் தந்தோர் என்றும் அந்நிலையிலேயே இருப்பர் என்பதற்கு உறுதி ஏது? காரி ஆண்ட இதே கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி பின்னர் வென்றான். மற்றொரு காலத்தில் சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறு மக்களை யானைக்காலில் இடத் துணிந்தான். அப்போது கோவூர் கிழார் என்னும் புலவர் இடைபுகுந்தார். ஒரு புறாவின் துயர் தீர்க்கத் தன்னையே தந்தவன் வழிவந்தவன் நீ என்று சோழனுக்கும், கற்றோர் வறுமை கண்டு தம் உணவைப் பகிர்ந்துண்ட குடியில் வந்தவர் இவர்கள் என்று அம்மக்களுக்கும் சான்று கூறி அவர்களைக் காத்தார். யானையைக் கண்டு மகிழ்ந்து அழுகையை மறந்த அச்சிறுவர், தம்மைச் சூழ்ந்திருந்த அயலாரைக் கண்டு அஞ்சி நின்றனர் என்று அப்பாடல் கூறுகின்றது. இன்று கதவைத் திறப்பவர் நாளை கதவைத் தட்டுபவர் ஆகலாம். இவ்வுண்மையை அறிந்த ஊரே வந்தோரை இழிவாக நோக்காது.

இரு சான்றுகள்

கபிலர் பாரி மகளிரை எவ்வாறு நிலைபெறச் செய்தார் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. புறநானூற்றின் 236-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வடக்கிருந்தார் என்று கூறுகின்றது. திருக்கோவலூர்க் கீழையூர் வீரட்டானக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டுப் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் கூறுகின்றது. குறிப்பு வடக்கிருத்தலைச் சொல்ல, கல்வெட்டுத் தீப்புகுதலைச் சொல்கின்றது. பின்னாளில் ஒளவையார் முன்னின்று கோவலூரில் திருமணம் நடத்தி வைத்தார் என்னும் கதையும் வழங்கலாயிற்று.

இவற்றுள் எது சரி என்று வாதிடுவது நம் நோக்கமன்று. பாரி மகளிர் அந்தணர் இல்லத்தில் மகளிராக ஏற்கப்பட்டிருக்கலாம். மலையமான் குடியில் மருமகளிராக ஏற்கப்பட்டிருக்கலாம். இரண்டும் நடந்திருத்தலும் கூடும். எவ்வாறாயினும் அவர்கள் சத்திரத்தில் தங்கவைக்கப்படவில்லை, குடும்பத்தில் சேர்க்கப்பட்டனர். அக்காலத்தில் ஒரு பெண் புதிய ஊரில் உரிமையோடு வாழ்வதற்கு மகள்மை, மணம் ஆகிய வழிகளே இருந்தன. இன்று கல்வி, தொழில், குடியுரிமை எனப் பல வழிகள் உள்ளன. வழிகள் மாறினும், உறவினராக ஏற்றல் என்னும் கருத்து மாறவில்லை.

கல்வெட்டு அடைக்கலம் என்னும் சொல்லையே ஆண்டிருப்பது நம் கருத்தை ஈர்க்கின்றது. இராசராசனின் தாய் வானவன் மாதேவியார் மலையமான் குடியில் பிறந்தவர். கபிலர் வாழ்ந்து ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும், அக்குடியினரின் ஊரில், வென்ற போர்களோடு ஒருசேர, ஏதிலியாய் வந்த பெண்ணுக்கு இடம் தந்த செய்தியும் பெருமையாகக் கல்லில் வெட்டப்பட்டது. பறம்பை வென்ற வேந்தர் மூவரும் இன்னார் என்று இன்று உறுதியாகக் கூற முடியவில்லை. கதவு திறந்த ஊரின் பெயரோ நிலைத்துவிட்டது.

கடன் முடித்தபின் கபிலர் பெண்ணைக் கரையில் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டார். தம்மை உடன் வரவிடாது நிறுத்திய பாரியை அன்போடு கடிந்துகொண்டு, மறுமையிலேனும் இருவரும் பிரியாது வாழ வேண்டும் என்று வேண்டி உயிர் நீத்தார். அவர் மேற்கொண்ட முடிவு அக்காலத்து மரபு. இக்காலத்தில் எவரும் பின்பற்றத் தக்கதன்று. நாம் போற்ற வேண்டியது அம்முடிவுக்கு முன் அவர் வாழ்ந்த வாழ்வை. தம் துயரைத் தள்ளிவைத்து, இருவரின் எதிர்காலம் உறுதியாகும்வரை ஓயாது நடந்த அக்கால்களை நாம் போற்ற வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கவை

இப்பாடம் தமிழ் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனா சென்றோரை அவ்வூரார் வரவேற்ற வரலாற்றை நாம் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வந்தோராகிய முஹாஜிர்களையும் ஊராராகிய அன்சாரிகளையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் நன்றி கூறிவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று விரைவிலேயே தம் காலில் நின்றார்கள். கொடுப்போரின் தாராளமும் கொள்வோரின் தன்மதிப்பும் அங்கே ஒன்றை ஒன்று சந்தித்தன.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களும் தம் முன்னோர் காஞ்சிபுரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றே வழிவழியாகக் கூறுகின்றனர். உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்கள் கதை. வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அவர்களை இன்று அம்மலையின் மக்களாகவே அனைவரும் அறிவர். காலமும் உழைப்பும் வந்தேறியை மண்ணின் மைந்தராக்கும் என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை.

அண்மைக்கால வரலாறும் நம் கண்முன் உள்ளது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பல இலட்சம் மலையகத் தமிழர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுக்கு அவர்கள் அறிந்த தொழிலையே தரும்பொருட்டு 1968-இல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1983-க்குப் பின் போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தோர் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 108 முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். இம்மாவட்டத்துச் சின்னசேலத்திலும் அத்தகைய முகாம் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், அகதிகள் முகாம் என்னும் பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று வழங்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது.

பெயர் மாற்றம் நன்று. அகதி என்றால் கதியற்றவர் என்று பொருள். ஆனால், பெயர்ப்பலகை மாறினால் மட்டும் போதுமா? முகாமில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் தமிழையே பேசி வளர்ந்த ஓர் இளைஞனை இன்னும் முகாம் பையன் என்றே நாம் அழைப்போமாயின், பாரி மகளிரைக் குப்பைமேட்டிலேயே நிறுத்திவைத்தவர்கள் ஆவோம். கூரையும் அரிசியும் அரசு தரலாம். விருந்துக்கு அழைத்தல், வேலைக்குப் பிணை நிற்றல், வகுப்பில் அருகில் அமர்த்திக்கொள்ளுதல், பேச்சு வழக்கைக் கண்டு நகைக்காதிருத்தல் ஆகியவற்றை ஊர்தான் தர முடியும்.

மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. கபிலர் செய்தவை மூன்று: வந்தோரை அவர்தம் தகுதி கூறி அறிமுகம் செய்தார், தம் பெயரைப் பிணையாக வைத்தார், அவர்கள் ஒரு குடும்பத்தவர் ஆகும்வரை உடன் நின்றார். இவற்றைச் செய்யப் புலமையோ செல்வமோ வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் தம் மாணவருக்குச் செய்யலாம். ஒரு வணிகர் தம் கடைக்கு வேலை தேடி வருபவருக்குச் செய்யலாம். ஒரு மாணவர் தம் வகுப்புத் தோழருக்குச் செய்யலாம்.

திருக்கோவலூர் செல்வோர் பெண்ணையாற்றுப் பாறையைக் காணாது திரும்ப வேண்டா. அதன்மேல் இருப்பது சிறு கோயில். அதன் பின்னால் இருப்பதோ பெரியதொரு வரலாறு. ஒரு சிற்றூர் இருவருக்குக் கதவு திறந்தது. அதனால் ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் நாம் அவ்வூரைப் பேசுகின்றோம். நம் ஊரைப் பற்றியும் பின்வருவோர் அவ்வாறு பேசும்படி நாம் வாழ்வோமாக.